தலைவலியா, “மூளை நரம்பு வெடிப்பா”? அனியூரிசம் பயமும் டாக்டரிடம் ஓட வேண்டிய நேரமும்

எங்கள் ஊர்ப் பக்கம் தலைவலி என்று படுத்தவர் யாராவது திடீரென்று போய்விட்டால், சாவு வீட்டுப் பந்தலில் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: “மூளையில நரம்பு வெடிச்சிடுச்சாம்.” அதைக் கேட்டுவிட்டு வந்து அன்றைக்கு ராத்திரி படுத்தால் நமக்கும் பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. எதிர் வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “பின்மண்டையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருக்கு” என்றாராம். இரண்டு முறை வாந்தி. பித்தமாக இருக்கும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்து, தைலம் தேய்த்து, படுக்க வைத்தார்கள். சாயங்காலம் பரவாயில்லை என்று எழுந்து காபிகூடப் போட்டிருக்கிறார். மறுநாள் விடிகாலையில் மயங்கி விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் பட்ட பாடு வேறு. ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, செல்போன் டார்ச்சை முகத்தில் அடித்து, கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வலது பக்கம் ஒரு துளி பெரிதாகத் தெரிந்த அன்றைக்குத் தூக்கமே இல்லை. (ஐந்தில் ஒருவருக்கு இரண்டு கண்மணிகளும் லேசாக அளவு மாறி இருப்பது இயல்பு என்பது பிற்பாடு கண் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.) அப்படிக் கண்ணாடி முன் நிற்பவர்களுக்காகவும், அக்கா வீட்டைப் போல எலுமிச்சம்பழம் பிழியப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டும், படித்தும், திரும்பத் திரும்பச் சரிபார்த்தும் தெரிந்துகொண்டது இது.

முதலில் அந்தப் பெயர். வெடிப்பது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். நம் பேச்சில் கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாயையும் நரம்பு என்போம், கால் மரத்துப்போனாலும் நரம்பு என்போம், அதனால் வந்த குழப்பம். இதயத்திலிருந்து ரத்தத்தை அழுத்தத்தோடு கொண்டுபோகும் குழாய் தமனி. அந்தத் தமனியின் சுவரில் ஓர் இடம் பலவீனமாகி, உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தம் தாங்காமல் வெளியே புடைத்துக்கொண்டு நின்றால் அதுதான் அனியூரிசம்.

பழைய சைக்கிள் டியூப்பைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பஞ்சர் கடையில் டியூப்பை வெளியே எடுத்துக் காற்றடிக்கும்போது, எல்லா இடமும் ஒரே சீராக உப்பாது. ரப்பர் தேய்ந்து மெலிந்த ஒரே ஓர் இடம் மட்டும் நெல்லிக்காய் மாதிரி தனியாகப் புடைத்துக்கொண்டு வரும், கடைக்காரர் அதை விரலால் தொட்டுக் காட்டி “இது ரொம்ப நாள் தாங்காது தம்பி” என்பார். மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையம் போல இருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த வளையத்தில் குழாய்கள் கிளை பிரியும் முனைகளில்தான் பெரும்பாலும் இந்தப் புடைப்பு வரும், ஏனென்றால் ஓடிவரும் ரத்தம் வந்து மோதுவது அங்கேதான். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவுதான். கொத்துமல்லி விதை, மிளகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டியூப் உவமையை ஒரு விஷயத்தில் அப்படியே நம்பிவிடாதீர்கள். புடைத்த டியூப் கட்டாயம் வெடிக்கும், மூளையில் புடைத்தது பெரும்பாலும் வெடிக்காது. பெரியவர்கள் நூறு பேரை எடுத்தால் சுமார் மூன்று பேரின் தலைக்குள் இப்படி ஒரு புடைப்பு இருக்கிறது. அதுவே வெடித்துக் கசிவது, உலக சராசரியில் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. அதாவது புடைப்போடு வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் முழு வாழ்க்கையும் வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தால்தான் போகிறார்கள். பயத்தோடு இதைப் படிப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

வெடிக்காத புடைப்பு சாதாரணமாக வலிக்காது. இது முக்கியம். “எனக்கு ஆறு மாசமா அடிக்கடி தலைவலி, உள்ளே அனியூரிசம் வளருதோ” என்ற கேள்விக்குப் பதில், அந்தத் தலைவலிக்கு வேறு காரணம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பதுதான். ஒற்றைத் தலைவலி, கழுத்துத் தசை இறுகி வருவது, தூக்கமின்மை, கண்ணாடி பவர் மாறியது, வலி மாத்திரையையே மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் போட்டு அதனாலேயே திரும்பத் திரும்ப வருகிற தலைவலி, இப்படி. ஒரு விதிவிலக்கு உண்டு: சில இடங்களில் வரும் புடைப்பு, பக்கத்தில் போகிற கண் நரம்பை (இது நிஜமாகவே நரம்பு) அழுத்தும். அப்போது ஒரு பக்க இமை தானாகக் கீழே இறங்கிவிடும், அதே கண்ணின் மணி பெரிதாக விரிந்து நிற்கும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். டார்ச் அடித்துத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்கு அது நுணுக்கமாக இருக்காது, எதிரே உட்கார்ந்திருப்பவரே “என்ன கண்ணு ஒரு மாதிரி இருக்கு” என்று கேட்பார். அப்படி வந்தால் வெடிப்பதற்கு முந்திய எச்சரிக்கையாக இருக்கலாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கண் துடிக்கிறதே என்று கவலைப்படுபவர்கள் (நம்மில் பாதிப் பேர் அதற்கு நல்லது கெட்டது சகுனம் வேறு பார்ப்போம்) இதோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இமை துடிப்பது பெரும்பாலும் தூக்கக் குறைவும் களைப்பும்தான்.

சரி, வெடித்தால் எப்படி இருக்கும்?

என் பயம் முற்றிப்போய் நான் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனபோது, கையில் ஒரு முழுத் தாள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எல்லாம். அந்த அம்மா தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“வலி ஆரம்பிச்சதிலேர்ந்து உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆச்சு?”

“காலையில லேசா இருந்தது மேடம், மத்தியானத்துக்கு மேலதான் தாங்க முடியல.”

“அப்போ நாலஞ்சு மணி நேரம். வெடிச்ச வலி அவ்வளவு நேரம் எடுத்துக்காதுங்க.”

நான் இத்தனை நாள் தவறான அளவுகோலை வைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. வலி எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு வேகத்தில் வந்தது என்று பார்க்கவில்லை. ஒற்றைத் தலைவலியும் கொடூரமாக வலிக்கும், வாந்தி வரும், வெளிச்சம் பார்த்தால் உயிர் போகும், இருட்டு அறையில் போர்த்திக்கொண்டு கிடக்க வைக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஏறி ஏறி வரும், அரை மணி, ஒரு மணி, சில மணி நேரம். அனியூரிசம் வெடித்த வலி இடி விழுந்த மாதிரி. டாக்டர்களும் அதை இடித் தலைவலி என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள், பல சமயம் சில விநாடிகளிலேயே, உச்சத்தில் போய் நிற்கும். அது வந்த கணம் ஆளுக்கு ஞாபகம் இருக்கும்: “குனிஞ்சு பக்கெட்டை எடுத்தேன், அப்போ” என்று. அக்காவுக்குக்கூட இரண்டாவது துணியை உதறும்போது என்று தெளிவாகச் சொல்ல முடிந்திருக்கிறது.

வெடித்துக் கசியும் ரத்தம் மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் கலக்கிறது. அதனால் வாந்தி, வெளிச்சம் தாங்காமை, சில மணி நேரம் கழித்துப் பின்கழுத்து இறுகி முகவாயை நெஞ்சோடு தொட முடியாமல் போவது, சிலருக்கு வலிப்பு, சிலருக்கு நேராக மயக்கம். லண்டனில் 2011 பிப்ரவரியில், அப்போது 24 வயதான நடிகை எமிலியா கிளார்க்குக்கு ஜிம்மில் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது இப்படித்தான் வந்தது. உடனே ஆஸ்பத்திரி, சிகிச்சை. தலையின் மறுபக்கம் இருந்த இன்னொரு புடைப்புக்கு 2013-இல் மீண்டும் அறுவை சிகிச்சை. பிழைத்து, நடித்து, 2019-இல் தானே அதை வெளியே எழுதினார். ஜோ பைடனுக்கு 1988-இல் இரண்டு அனியூரிசங்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, 2021-இல் அவர் அமெரிக்க அதிபரானார். சாவு வீட்டுக் கதைகள் மட்டுமே காதில் விழுவதால் இவற்றையும் சொல்லி வைக்கிறேன். ஆனாலும் மறைக்க ஒன்றுமில்லை, வெடித்தால் அது பெரிய ஆபத்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிர் போய்விடுகிறது. அதனால்தான் வேகம்.

அக்கா விஷயத்தில் எல்லோரும் ஏமாந்த இடம் எது என்றால், சாயங்காலம் வலி குறைந்தது. சிலருக்குப் பெரிய வெடிப்புக்கு முன்னால் ஒரு சின்னக் கசிவு வரும். அதுவும் இடி மாதிரிதான் வரும், ஆனால் தணிந்துவிடும். “இப்போ தேவலாம்” என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஒருமுறை கசிந்த இடம் திரும்பவும் கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதனால், இடி மாதிரி வந்த தலைவலி மாத்திரையில் குறைந்தாலும் சரி, தானே நின்றாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். வலி நின்றது காரணத்தைச் சொல்லாது. அப்படிப் போகிறவர்களில் பலருக்கு அனியூரிசம் இருக்காது, வேறு ஏதாவது இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. வீணாக வந்தோமே என்று கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை, எந்த நல்ல டாக்டரும் அதற்குத் திட்ட மாட்டார்.

கூச்சம் என்றதும் இன்னொன்று. இந்த வலி முக்கிக்கொண்டு மலம் கழிக்கும்போதும், தாம்பத்திய உறவின்போதும் வரலாம். பலர் அதைச் சொல்ல வெட்கப்பட்டு “சும்மா இருக்கும்போது வந்துச்சு” என்று மாற்றிச் சொல்கிறார்கள், அல்லது போகாமலே விடுகிறார்கள். உறவின்போது திடீரென்று வரும் தலைவலி பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான், ஆனால் முதல்முறை வரும்போது அதை நாமே முடிவு செய்ய முடியாது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். முதலில் தலைக்கு சாதா சி.டி. ஸ்கேன். வலி ஆரம்பித்து 6 மணி நேரத்துக்குள், நல்ல நவீன மெஷினில் எடுத்தால், கசிந்த ரத்தம் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்துவிடும். நேரம் போகப் போகத் தவறிப்போகும் வாய்ப்பு கூடும், அதனால் தாமதமாக வந்தவர்களுக்கு முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்து ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் வராமல் போய்விடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முதுகுத் தண்டு முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடுவார்கள், இதற்காகக் கையெழுத்துப் போட மறுக்காதீர்கள். ரத்தம் இருந்தால் சாய மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைத் தனியாகப் படம் எடுப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். சாதா சி.டி. ஸ்கேன் கசிந்த ரத்தத்தைக் காட்டும், வெடிக்காத சின்னப் புடைப்பைக் காட்டாது. பயந்துகொண்டு தானாகவே ஸ்கேன் சென்டருக்குப் போய் ஒரு சி.டி. எடுத்து “நார்மல்” என்று வந்தால், புடைப்பு இல்லை என்று அர்த்தமாகாது. அதைப் பார்க்க ரத்தக்குழாய்களைத் தனியாகப் படம் எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ அல்லது சி.டி. ஆஞ்சியோ வேண்டும். அப்படியென்றால் எல்லோரும் அதை எடுத்துப் பார்த்துவிடலாமே? கூடாது என்பதுதான் என் கருத்தும். நூறில் மூன்று பேருக்கு ஏதோ ஒன்று தெரியும், அதில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க வெடிக்காதவை. ஆனால் தெரிந்த நாளிலிருந்து நிம்மதி போகும், அடைக்கப் போனால் அந்தச் சிகிச்சையிலும் ஆபத்து உண்டு.

யாருக்கு அந்தப் பரிசோதனை நியாயம்? அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்ற நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ மூளை அனியூரிசம் வந்திருந்தால். சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் குடும்பத்தில் இருந்தால். ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிக் கேட்டு முடிவு செய்யலாம். எதிர் வீட்டு அக்காவுக்கு வந்தது எனக்கு எந்த வகையிலும் ஆபத்தைக் கூட்டாது, ஆனால் அக்காவின் தங்கைக்கும் மகளுக்கும் அதைச் சொல்லி டாக்டரிடம் பேசச் சொல்ல வேண்டியிருந்தது. பொதுவாக ஆபத்தைக் கூட்டுபவை புகைபிடிப்பதும், கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷரும். நாற்பது வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வயதை ஒன்றும் செய்ய முடியாது. சிகரெட்டை விடலாம், பிரஷர் மாத்திரையை “இப்போதான் நார்மலா இருக்கே” என்று நிறுத்தாமல் இருக்கலாம், ராத்திரி இரண்டு மணி டார்ச்சைவிட இவை ஆயிரம் மடங்கு பயன் தரும்.

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகப் புடைப்பு தெரிந்தவர்களும் உடனே இடிந்துபோக வேண்டாம். அளவு, இடம், வடிவம், உங்கள் வயது, குடும்ப வரலாறு எல்லாம் பார்த்துத்தான் முடிவு எடுப்பார்கள். 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் பலவற்றை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதோடு விடுவார்கள். அடைக்க வேண்டியிருந்தால் இரண்டு பெரிய வழிகள். மண்டை ஓட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் ஒரு சின்ன உலோகக் கிளிப் போடுவது ஒன்று, அமெரிக்காவில் வால்டர் டாண்டி என்ற மருத்துவர் 1937-இல் செய்து காட்டியது. தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து மூளை வரை கொண்டுபோய், புடைப்புக்குள் நூல் போன்ற பிளாட்டினம் சுருளை நிரப்பிவிடுவது இன்னொன்று. இது 1990-களில் பரவியது. இப்போது பெரிய மருத்துவமனைகளில் இரண்டும் செய்கிறார்கள்.

அனியூரிசம் மூளையில் மட்டும் வருவதில்லை. வயிற்றில் முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய தமனியிலும் வரும், 3 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் அந்தப் பெயர். ஐன்ஸ்டைனுக்கு இருந்தது இதுதான், 1948-இல் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது, 1955 ஏப்ரலில் அது வெடித்து இறந்தார். புகைபிடித்த, 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு இது அதிகம், சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்துவிடும், அப்பாவுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வியர்த்து மயக்கம் வந்தால் கேஸ் என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது என்ற வகையும் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த தலைவலி, வாரா வாரம் கூடிக்கொண்டே போவது, இருமினால் குனிந்தால் அதிகமாவது, பழகிய தலைவலியின் போக்கே மாறுவது, இவற்றுக்கு இந்த வாரமே நேரம் வாங்குங்கள். காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, இவை அனியூரிசமோ இல்லையோ, உடனே போக வேண்டியவை. கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்று சில வாரங்களே ஆனவருக்கும் புதிதாகக் கடுமையான தலைவலி வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

இது எதுவுமே இல்லாமல் பயம் மட்டும் இருக்கிறதா? சுருக் சுருக்கென்று ஊசி குத்துவது போல சில விநாடி வந்து போவது, தலையணையில் காதை வைத்தால் நாடி கேட்பது, பொட்டில் துடிப்பு, இதையெல்லாம் எழுதிக்கொண்டு ஒருமுறை டாக்டரிடம் போய், “எனக்கு அனியூரிசம் இருக்குமோன்னு பயமா இருக்கு” என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். வெறும் தலைவலி என்று சொன்னால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், பயம் உங்களோடுதான் வீட்டுக்குத் திரும்பும். பரிசோதித்து ஒன்றும் இல்லை என்றபிறகும் இரண்டு வாரத்தில் பயம் திரும்பி வந்து, இன்னொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன் என்று போய்க்கொண்டே இருந்தால், அந்தப் பயத்துக்கே சிகிச்சை உண்டு. நான் மனநல ஆலோசகரிடம் ஐந்து முறை போனேன். டார்ச் அடிப்பதை நிறுத்தியது அதற்கப்புறம்தான்.

நிஜமாகவே இடி மாதிரி வந்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. வலி வந்தவர் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. குடிக்க, சாப்பிட ஒன்றும் கொடுக்க வேண்டாம், வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை மாரடைப்புக்குக் கொடுப்பது போல இதற்குக் கொடுத்துவிடவே கூடாது, ரத்தம் உறைவதை அது தடுக்கும். மயங்கிவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், வீட்டில் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளை, முக்கியமாக ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் அதை, ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். போன் செய்வதற்கு முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வலி வந்த மணியை ஒரு சீட்டில் குறித்துவிடுங்கள். அவசரப் பிரிவு வாசலில் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.